பொட்டலத் தாளில் வந்த படங்கள்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ரைஹானாவின் புளுகு முப்பத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. அது பிடிபடப்போகிற நாள் அட்டைப்பெட்டிக்குள் வாரண்டி கார்டோடு வந்து இறங்கியது. சவூதியிலிருந்து ஒரேயடியாகத் திரும்பிவிட்ட அவள் புருஷன் மன்சூர் அலி, அருப்புக்கோட்டைக்குப் போய்ப் பெரிய டிவி ஒன்று வாங்கிவந்து பந்தல்குடி வீட்டுக் கூடத்தில் மாட்டினார். மாட்டிய கையோடு பீரோவின் மேலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினார். அதற்குள் அவள் அவருக்கு எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன.

“நீ கதை எழுதி அனுப்புன படம் அம்புட்டும் யூடியூப்ல கெடக்காம் ரைஹானா. ஒண்ணொண்ணாப் பாத்துருவோம். லெட்டரையும் கையில வச்சுக்கிருவேன்.”

“அடுப்புல பால் வச்சிருக்கேன் மச்சான்” என்று சொல்லிவிட்டு ரைஹானா அடுப்படிக்குள் போனாள். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை.

விஷயம் இதுதான். அவளுடைய கடிதங்களில் இருந்த படங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை.

கல்யாணமான ஐந்தாம் மாதம் மன்சூர் அலி சவூதியில் உள்ள தம்மாமுக்கு, ரோடு போடுகிற கம்பெனி வேலைக்குக் கிளம்பினார். கிளம்பும்போது தன் தாயாரிடம், “ரைஹானாவ மாசம் ஒரு படத்துக்காச்சும் கூட்டிட்டுப் போங்கம்மா” என்று சொன்னார். மாமியும் சரி என்றார். சரி என்றதோடு சரி. முதல் கடிதத்திலேயே அவர் கேட்டுவிட்டார்: என்ன படம் பார்த்தாய், கதையை விலாவாரியாக எழுது, இங்கே பாலைவனத்துக்குள் ஒரு அறையில் பன்னிரண்டு பேர் கிடக்கிறோம், கொட்டகை என்று ஒன்று இந்த நாட்டிலேயே கிடையாது. உள்ளதை எழுதினால் கடல் தாண்டித் தாய்க்கும் மகனுக்கும் சண்டை மூளும். மூண்டால் அந்த நெருப்பு யார் தலையில் விழும் என்பது இருபது வயதிலேயே ரைஹானாவுக்குத் தெரிந்திருந்தது.

கைகொடுத்தது மளிகைக்கடை. மாமனார் ஜமால் மைதீனுக்குத் தூத்துக்குடி ரோட்டில் கடை. சீரகம், மல்லி பொட்டலம் கட்ட அருப்புக்கோட்டையிலிருந்து பழைய தாளை எடைக்கு வாங்கிவருவார். அதை வெட்டி மடிப்பது வீட்டில் மருமகள் வேலை. பழைய பேப்பர், பரீட்சைத் தாள், ஜவுளிக்கடை நோட்டீஸ் இவற்றுக்கு நடுவே விற்காமல் போன சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் வரும். எட்டுப் பக்கம், பல்பொடி நிறத்தில் அட்டை. முதல் பக்கத்தில் கதைச்சுருக்கம் இருக்கும். அந்தக் கதைச்சுருக்கம் எழுதுகிற மனுஷனைப் போல ஒரு கல்நெஞ்சக்காரனை ரைஹானா அதற்குமுன் கண்டதில்லை. கதாநாயகியைக் கிணற்றுக் கட்டை மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவான்.

வெள்ளித்திரைக்கு அவள் எங்கே போவது? மீதியை அவளே யோசித்தாள். பாட்டுகளை வைத்துக் கணக்குப் போட்டாள். ஒரே பாட்டு சந்தோஷமாக ஒருதரம், சோகமாக ஒருதரம் வந்தால் யாரோ பிரிகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடிய பாட்டைப் பின்னால் பெண் மட்டும் பாடினால் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். கடைசிப் பாட்டில் ‘குழு’ என்று போட்டிருந்தால் கல்யாணமோ திருவிழாவோ, எப்படியோ நல்லபடியாக முடிகிறது. சீரகத்துக்கு மடிக்கிற நேரத்தில் ஒரு படம் தயாராகிவிடும். நம்பவேண்டுமே என்று நடுநடுவே, மின்சாரம் போய்விட்டது, மழை பெய்து கொட்டகை ஒழுகியது, வாங்கிய முறுக்கு நமுத்துப்போய்விட்டது என்றும் சேர்த்துக்கொள்வாள். எழுதி முடித்ததும் புத்தகத்தை வெட்டிப் பொட்டலம் ஆக்கிவிடுவாள். தடயம் அப்படியே யார் வீட்டுக் குழம்புக்கோ போய்விடும்.

தம்மாமில் மன்சூர் அலி அந்தக் கடிதங்களின் சொந்த விஷயங்களை மடித்து மறைத்துக்கொண்டு, படத்தை மட்டும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அறைக்காரர்கள் எல்லோருக்கும் வாசிப்பார். எப்போதாவது ஊரிலிருந்து ஒரு வீடியோ கேசட் வரும். விமான நிலையத்திலேயே சவூதிக்காரன் பாதியை வெட்டித்தான் விடுவான். கதாநாயகன் கதவைத் திறப்பான். அடுத்த காட்சியில் அவனுக்குப் பிள்ளை இருக்கும். “உங்க வீட்டு லெட்டருலதான் பாய் முழுப் படமும் வருது” என்பார்கள் அறைக்காரர்கள்.

அதற்கப்புறம் காலம் மாறி, வீட்டுக்கு வீடு டிவி வந்தது. தான் எழுதிய படம் ஏதாவது வந்தால் ரைஹானா எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாள். பார்க்காத வரைக்கும் தான் எழுதியதே சரியாகவும் இருக்கலாம் அல்லவா? ஆனால் உள்ளுக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. கிணற்றுக் கட்டை மேல் நின்ற அந்தப் பெண் உண்மையில் குதித்தாளா?

புது டிவியில் மன்சூர் அலி முதலில் ‘எட்டாம் நம்பர் லாரி’யைப் போட்டார். பயத்தில் ரைஹானா சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். அரைமணி நேரத்தில் பயம் போய் ஆவல் வந்துவிட்டது. அவள் கடிதத்தில் டிரைவர் ரயில்வே கேட்டில் லாரியை நிறுத்துவான், வில்லன் தன் தாயின் காலில் விழுந்து அழுவான். படத்தில் லாரி பாலத்திலிருந்து பறந்து வெடித்தது. வில்லன் கருகிப்போனான். ‘போயும் போயும் இதுக்குத்தானா இம்புட்டு நேரம்’ என்றிருந்தது அவளுக்கு.

மன்சூர் அலி கடிதத்தைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். ரைஹானா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

“வெட்டிட்டானுக ரைஹானா! வில்லனோட அம்மாவையே காணோம் பாரு. சவூதிக்காரன்தான் வெட்டுவான்னு நெனச்சேன், இங்கயும் வெட்டிட்டானுகளே!”

முப்பது வருஷம் வெட்டின கேசட்டையே பார்த்த மனுஷனுக்கு வேறு எப்படித் தோன்றும்? அல்லாஹ்வே என்று அவளுக்கு மூச்சு வந்தது. அடுத்த வாரம் பார்த்த படத்தில் அவள் எழுதிய முடிவு அச்சு மாறாமல் அப்படியே வந்தது. கோயில் மணி அறுந்து விழுவதுகூட. “இதுல வெட்டல பாத்தியா” என்று அவர் குதூகலித்தார். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் சப்பென்றும் இருந்தது. தன் மூளைக்கு எட்டியதுதான் படம் எடுத்த பட்டணத்து ஆளுக்கும் எட்டியதா?

மூன்றாவது படத்தில் கதை திரும்பவும் மாறிப்போனது; கிணற்றுக் கட்டை மேல் நின்ற பெண், ரைஹானாவின் கடிதத்தில் பிழைத்தவள், படத்தில் குதித்துச் செத்தாள். மன்சூர் அலி யூடியூபில் படத்தின் அடியில் ஒரு விரலால் தட்டித்தட்டி எழுதினார்: ‘கடைசி இருபது நிமிடம் இல்லை. அந்தப் பெண் பிழைத்து வருவதைக் காணோம். முழுப் படத்தைப் போடவும்.’ மறுநாள் கோவில்பட்டிக்காரர் ஒருவர் பதில் போட்டிருந்தார். அண்ணே, நீங்கள் சொல்கிற முடிவு அந்தப் படத்தின் கதை வசனப் புத்தகத்தில் இருந்தது, என் மாமா வைத்திருந்தார், படம் முடிவதற்கு முன்பே புத்தகத்தை அச்சடித்து விற்றுவிட்டார்கள், அப்புறம்தான் படத்தில் முடிவை மாற்றினார்கள் என்று.

“அப்ப எதும்மா நெசம்? மொதல்ல வந்த புஸ்தகமா, பெறகு வந்த படமா?” என்று கேட்டார் மன்சூர் அலி.

அந்தப் புத்தகத்தை எழுதியவன் யாரோ, அவனும் தன்னைப் போல எங்கேயோ உட்கார்ந்து யோசித்து, அந்தப் பெண்ணைச் சாகவிட மனசில்லாமல் பிழைக்க வைத்திருக்கிறான் என்று ரைஹானாவுக்குத் தோன்றியது. அந்த முகம் தெரியாத ஆளை அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது.

இப்படியே போயிருந்தால் டின் காலியாகும்வரை அவள் தப்பித்திருப்பாள். ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு நரிக்குடியிலிருந்து ஜெயபாண்டி வந்து நின்றார்.

ஜெயபாண்டி தம்மாம் அறைக்காரர். மன்சூர் அலிக்கு மூன்று வயது இளையவர். ஊருக்குத் திரும்பிப் பத்து வருஷமாக விவசாயம் பார்க்கிறார். எப்போது வந்தாலும் கருப்பட்டியோடு சிரித்துக்கொண்டு வருகிற மனுஷன், அன்றைக்கு வெறுங்கையோடு வந்து நாற்காலியில் விழுந்தார். ரைஹானா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, “பாய், ‘அண்ணன் வைத்த வேலி’ ஞாபகம் இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லாம? நீ அழுது தலகாணிய நனைச்ச படமுல்லலே அது.”

“அதத்தான் பாய் நேத்து போட்டேன். குடி கெட்டுப்போச்சு.”

ரைஹானா அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவர் சொன்னது இது. ஜெயபாண்டிக்கும் அவர் அண்ணன் உக்கிரபாண்டிக்கும் கண்மாய்ப் பாசனத்தில் பொது வயல். முன்னொரு காலத்தில் தண்ணீர் பாய்ச்சுவதில் தகராறு வந்து, உக்கிரபாண்டி நடுவில் வேலிக்கருவை முள்ளை வெட்டிப்போட்டு அடைத்துவிட்டார். ஜெயபாண்டி கோபத்தோடுதான் தம்மாமுக்கு விமானம் ஏறினார். அங்கே மன்சூர் அலி வாசித்த கடிதத்தில் இதே கதை வந்தது. அதன் முடிவைக் கேட்டுவிட்டு, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, அதை அப்படியே ஒரு தாளில் பார்த்தெழுதி அண்ணனுக்கு அனுப்பினார். எழுத்து வாசிக்கத் தெரியாத உக்கிரபாண்டிக்கு மதினி வாசித்துக் காட்டினார். லீவில் இவர் வந்து இறங்கியபோது வயலில் வேலி இல்லை. அன்றைக்கு அண்ணன் வீட்டில் கிடாய்க்கறி. அதற்கப்புறம் உக்கிரபாண்டி போன வருஷம் கண் மூடும்வரை அண்ணன் தம்பிக்குள் ஒரு சொல் கிடையாது.

இப்போது பிள்ளைகள் காலம். அண்ணன் மகன் நல்லகண்ணுவுக்கும் இவர் மகன் வெள்ளத்துரைக்கும் ஆகவில்லை. கம்பி வேலி போட வியாழக்கிழமை ஆள் வருகிறது. கல்லுக்கால் லோடு இறங்கி வரப்பில் கிடக்கிறது.

“நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாய்ங்க பாய். சரி, எங்க ரெண்டு பேத்தையும் சேத்து வச்ச படத்தையே போட்டுக் காட்டுவோம்னு ரெண்டு வீட்டாளுகளையும் டிவி முன்னால உக்கார வச்சேன். கடைசியில தம்பிக்காரன் என்ன செய்றான் தெரியுமா? அருவாள எடுத்து அண்ணன வெட்டிப்புடுறான் பாய்! வெட்டி, அந்த வேலி மேலயே போட்டுட்டு, ஸ்டேஷனுக்கு நடந்து போறான். எம்மகன் விசிலடிக்கான். நல்லகண்ணு எந்திருச்சு, ‘சித்தப்பா, எங்கய்யா செத்து வருசம் திரும்பல, இதக் காட்டத்தான் எங்களக் கூப்புட்டீகளா’ன்னு கேட்டுட்டுப் பிள்ளைகளக் கூட்டிட்டுப் போயிட்டான். நான் மிரட்டுறேன்னு நெனைக்கான் பாய்.”

மன்சூர் அலி தொடையில் தட்டினார்.

“வெட்டிட்டானுகலே! எல்லாப் படத்தையும் வெட்டிட்டானுக. கவலைப்படாத. மதுரையில பழைய படப்பெட்டி வச்சிருக்க ஆளு ஒருத்தரு இருக்காராம். போன் போட்டு முழுப் படமும் வாங்கிருவோம். இந்தா, கண்ணால பாத்த சாட்சியே வீட்டுல இருக்கே. ரைஹானா, நீ வந்து அந்தப் பயலுககிட்டச் சொல்லு. படம் எப்படி முடிஞ்சுச்சு?”

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். ரைஹானாவுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது. ‘ஆமாம், வெட்டிவிட்டார்கள்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், புருஷன் முகம் மாறாது. ஆனால் இந்த மனுஷன் இல்லாத படப்பெட்டியைத் தேடி மதுரைக்கு அலைவார். வியாழக்கிழமை கல்லுக்கால் ஊன்றிவிடுவார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் சொல்லமுடியாது என்று சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“வெட்டல மச்சான். படமே அப்படித்தான் இருக்கும். நான் அந்தப் படத்தப் பாக்கல. பாட்டுப் புஸ்தகத்துல பாதிக் கதைதான் இருந்துச்சு. ‘அண்ணன் நட்ட வேலியைத் தம்பி என்ன செய்தான்’னு கேட்டு நிறுத்திட்டான். கடைசிப் பாட்டு தாலாட்டு. தாலாட்டுல முடிஞ்சா நல்ல முடிவுதான்னு நெனச்சு நானா எழுதுனேன்.”

“பொணத்துக்கு முன்னால அம்மாக்காரி பாடுறா மதினி, அந்தத் தாலாட்ட” என்றார் ஜெயபாண்டி மெதுவாக.

“அப்படியா?” என்று ரைஹானா தன்னை மறந்து கேட்டாள். அந்தச் சந்தர்ப்பத்திலும் அது அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. “எனக்கு அது தோணலையே தம்பி.”

ஜெயபாண்டிதான் பேசினார்.

“அப்ப எங்கண்ணன் கேட்டது நீங்க எழுதுனது.”

“ஆமா தம்பி. மன்னிச்சுக்கிருங்க.”

“மன்னிப்பு கெடக்கட்டும் மதினி. எங்கண்ணன் அந்தப் படத்த ஒரு நாளும் பாக்கல. பாத்திருந்தா என் கதி என்னாயிருக்கும்?” என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். “அந்த லெட்டரக் குடுங்க பாய். நான் கதை விடுறேன்னு பயலுக சொல்றாய்ங்க. தேதி போட்ட தாளு வேணும்.”

மன்சூர் அலி டின்னுக்குள் துழாவி நீலத் தாளை எடுத்தார். எடுத்தவர் கொடுக்கத் தயங்கினார். அதே பக்கத்தில் மேலே பாதி, பிறத்தியார் படிக்கிற விஷயமாக இல்லை. ரைஹானா வெடுக்கென்று அதை வாங்கி, கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டினாள். தாள் வெட்டுவது அவளுக்குக் கைவந்த வேலை. தேதி போட்ட மூலையைப் படக்கதையோடு சேர்த்து ஊசி குத்தினாள். கொடுப்பதற்குமுன் சரியாக இருக்கிறதா என்று வாசித்தாள், வாய்விட்டே.

“விடியக்காலையில் அண்ணன் தனியாகப் போய் வேலியைப் பிடுங்கினான். கையெல்லாம் ரத்தம். அந்த முள்ளையே அடுப்பில் வைத்துக் கறி சமைத்தான். தம்பியைக் கூப்பிட ஆள் அனுப்பட்டுமா என்று பெண்சாதி கேட்டாள். வேண்டாம், வாசனை போனால் போதும், வருவான் என்றான். தம்பி வந்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஒரே சட்டியில் சாப்பிட்டார்கள். அத்தோடு படம் முடிந்தது.”

நிமிர்ந்தபோது ஜெயபாண்டியின் உதடுகளும் கூடவே அசைந்து நின்றதைக் கண்டாள். அவருக்கு அது மனப்பாடமாக இருந்தது. எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறாள். கேட்கிற முகத்தை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தாள்.

ஜெயபாண்டி போனபின் மன்சூர் அலி கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் அடுக்கினார். கோபம் வந்தால் கத்துகிற மனுஷன். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

“ஒரு படங்கூடவா பாக்கல?”

“ஒண்ணுகூட இல்ல மச்சான்.”

“கொட்டக ஒழுகுச்சுன்னு எழுதியிருந்த?”

“ம்.”

“முறுக்கு நமுத்துப் போச்சுன்னு?”

“அதுவுந்தான்.”

அவர் டின்னின் மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “தாரு வெக்கையில நிக்கும்போது அந்த முறுக்க நெனப்பேன் ரைஹானா. நான் வெந்தாலும் அவ ஃபேனுக்குக் கீழ உக்காந்து முறுக்குத் தின்னுக்கிட்டுப் படம் பாக்கான்னு நெனப்பேன். நீ இங்க பொட்டலம் மடிச்சுக்கிட்டு இருந்திருக்க.” அறுபத்து மூன்று வயசு மனுஷன் குலுங்கிக்குலுங்கி அழுதார். இத்தனை வருஷம் அவள் பயந்தது அவர் கோபத்துக்கு. இதற்கு அவள் தயாராக இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஜெயபாண்டி போன் செய்தார். மன்சூர் அலி சத்தமாக வைத்தார்.

“வெள்ளத்துரை கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டான் பாய். நல்லகண்ணுதான் அந்தத் தாள வாங்கி, ரெண்டு மட்டம் வாசிச்சான். முள்ளுல கறி வச்சான்னு வருதுல்ல, அந்த எடத்துல நிறுத்திட்டான். ‘சித்தப்பா, நீங்க லீவுல வந்த அன்னைக்கு எங்கய்யா என்னைய முள்ளு இழுத்துட்டு வரச் சொன்னாரு. எனக்கு ஏழு வயசு. காலுல ஏறிருச்சு. வீட்டுல காஞ்ச வெறகு அம்புட்டுக் கெடக்கு, எதுக்குய்யா இந்த முள்ளுன்னு அழுதேன். படத்துல அப்படித்தான்லேன்னாரு. என்ன படம்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல’ங்கான் பாய். எனக்கே அது தெரியாது. கறி தின்னேன், அடுப்ப எங்க பாத்தேன்?”

“கல்லுக்காலு?” என்று ரைஹானா குனிந்து போனுக்குள் கேட்டாள்.

“வரப்புலதான் கெடக்கு மதினி. நாளைக்கு ஆளு வர வேணாம்னு நல்லகண்ணே சொல்லிட்டான். பெறகு என்ன செய்வாய்ங்களோ தெரியாது.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் மன்சூர் அலி அவளைக் கிளம்பச் சொன்னார். பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்குப் போய், மேட்னி ஷோவுக்கு உள்ளே நுழைந்தார்கள். அவர் வெளியிலேயே முறுக்குப் பொட்டலம் வாங்கி, கேட்டில் சோதிக்கிறவனுக்குத் தெரியாமல் அவள் பையில் ஒளித்துவைத்திருந்தார். முறுக்கு மொறுமொறுவென்று இருந்தது. இடைவேளை விட்டபோது அவருக்குக் கொட்டாவி வந்தது. கதாநாயகனின் தகப்பன் கடத்தப்பட்டிருந்தான். தங்கச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

“ஒண்ணும் வெளங்கல ரைஹானா. வா போவோம். பஸ்ஸுல போகும்போது மீதிய நீ சொல்லு. ஒன் கதைதான் நல்லாருக்கும்.”

எழுந்தவரின் மணிக்கட்டைப் பிடித்து அவள் மறுபடியும் உட்கார வைத்தாள்.

“பேசாம உக்காருங்க மச்சான். நான் எழுதாத ஒரு படத்துலயாச்சும் கடைசியில என்ன ஆச்சுன்னு நான் பாத்துட்டு வாரேன்.”

விளக்கு அணைந்தது.